விரால் வானத்திலிருந்து விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடைமழையில் வீட்டை விட்டு நகர முடியாத இந்த ஒரு வாரத்தில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தை வரி விளம்பரம் உட்பட இரண்டு தடவை படித்துவிட்டேன். அதில் இரண்டு விஷயங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன. இரண்டுமே விரால் மீனைப் பற்றியவை. ஒன்று, "மழையோடு கொட்டிய மீன்கள், பொதுமக்கள் ஆச்சரியம்" என்ற செய்தி. இன்னொன்று நாலு நாள் கழித்து வந்த படம். ஒரு தம்பி மூன்று கிலோ இருக்கும் விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கீழே "தூண்டிலில் சிக்கிய ராட்சத விரால்" என்று போட்டிருந்தீர்கள்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க் கரை ஊர்க்காரன். கிராமத் தபால்காரனாக 31 வருடம் சைக்கிளில் அந்தக் கரை வழியாகப் போய் வந்தவன். மீனைப் பற்றிக் கல்லூரியில் படித்தவன் இல்லை, ஆனால் மடைப் பக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பீடி பிடிக்கிற நேரம் தினமும் தண்ணீரைப் பார்த்தவன். பீடியை விட்டுப் பல வருடம் ஆகிறது. தண்ணீரைப் பார்ப்பதை விடவில்லை.

முதல் செய்திக்கு வருகிறேன். தார் ரோட்டில் விடிகாலையில் விரால் கிடந்தது, எனவே மழையோடு விழுந்திருக்க வேண்டும் என்று உங்கள் நிருபருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் எழுதிவிட்டார். அந்த மீன் விழவில்லை ஐயா, அது நடந்து வந்தது. புது மழையில் ஒரு குட்டை நிரம்பி வழிந்தால் விரால் அங்கே இருக்காது, ஈரத்தரையில் உடம்பை நெளித்து, முன் துடுப்பை ஊன்றி, அடுத்த தண்ணீரைத் தேடிக் கிளம்பிவிடும். வரப்பைத் தாண்டும், கரையைத் தாண்டும், நடுவில் ரோடு குறுக்கிட்டால் ரோட்டையும் தாண்டும். நான் பார்த்தது ஒன்று இரண்டு தடவை இல்லை. ஒரு ஐப்பசி விடியலில் என் சைக்கிள் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று போனது, பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டு கீழே விழுந்தேன், தபால் பையெல்லாம் சேறு. பாம்பு என்று நினைத்ததில் பெரிய தப்பும் இல்லை. 1793இல் ப்ளாக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்த மீனுக்கு வைத்த பெயரிலேயே பாம்புத்தலை என்ற பொருள் உண்டு. தலைமேல் இருக்கிற செதிலைப் பார்த்தால் புரியும், பாம்பின் தலைக் கட்டங்கள் மாதிரியே பெரிது பெரிதாக இருக்கும்.

தரையில் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்பீர்கள். விராலுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், ஒரு காற்றறை இருக்கிறது. செவுள் மட்டும் அதற்குப் போதாது. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்து வாயால் காற்றை இழுத்துக்கொண்டு போகவேண்டும், வந்தே ஆகவேண்டும். மேலே வர விடாமல் வலையைப் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் செத்துப்போகும், அதாவது தண்ணீரில் மூழ்கிச் சாகிற மீன். சந்தையில் விரால் விற்கிற அக்கா அலுமினிய அண்டாவில் இரண்டு விரல் தண்ணீர் மட்டும் விட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கெண்டையும் ரோகுவும் ஐஸில் கிடக்கும்போது விரால் மட்டும் மதியம் வரை துள்ளிக்கொண்டிருக்கும். அந்த அக்காவுக்குக் காற்றறை பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தண்ணீர் அதிகம் வேண்டாம் என்பது தெரியும். கோடையில் கண்மாய் வற்றினாலும் இதே கதைதான். மற்ற மீன் எல்லாம் செத்து நாறும்போது விரால் சேற்றுக்குள் இறங்கிவிடும். ஈரம் இருக்கிறவரை, உடம்பில் சேர்த்த கொழுப்பைத் தின்றுகொண்டு, மழைக்குக் காத்திருக்கும். வண்டல் அள்ள வந்த மண்வெட்டியில் உயிருள்ள விரால் வெட்டுப்பட்டதை எங்கள் ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதன் வடக்கத்திச் சொந்தக்காரன் ஒன்று, சீனப் பக்கத்து மீன், 2002இல் பெரிய ரகளை ஆகிவிட்டது என்று என் பேரன் படித்துக் காட்டினான். மேரிலாந்து மாநிலத்தில் குரோஃப்டன் என்ற ஊரில் ஒரு குளம். உடம்பு சரியில்லாத தங்கைக்குச் சூப் வைத்துக் கொடுக்க ஒருவர் உயிர்மீன் வாங்கியிருக்கிறார், பிறகு தேவைப்படாமல் போகவே குளத்தில் விட்டுவிட்டார். அது பெருகிவிட்டது. அங்கே இந்த மீனை அடக்க எதிரி கிடையாது, ஊர் மீனையெல்லாம் தின்றுவிடும் என்று பயந்து குளம் முழுக்க மருந்தடித்துக் கொன்றார்கள், நடக்கும் மீன் என்று பத்திரிகைகள் அலறின. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, இங்கேயும் சிலர் விராலைப் பேய் மாதிரி எழுதுகிறார்கள். அது அவர்கள் ஊருக்கு அந்நியம். நம் கண்மாய்க்கு இது வீட்டுப் பிள்ளை. தூண்டிலில் மாட்டிய விரால், கயிறு போட்ட முரட்டு மாடு மாதிரி ஆம்பல் இலையைக் கிழித்துக் குளத்தையே கலக்கும் என்று சங்கப் புலவரே பாடி வைத்திருக்கிறார், அவ்வளவு பழைய பழக்கம் நமக்கும் அதற்கும். நோயாளிக்குச் சூப் என்பதும் நமக்குப் புதிதில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் முடிந்தவருக்கும் விரால் குழம்பு என்றுதானே எங்கள் பக்கம் தேடி அலைவார்கள். தெலங்கானாக்காரர்கள் இதை மாநில மீனாகவே வைத்திருக்கிறார்கள்.

இது வேட்டையாடுகிற விதத்தைச் சொல்லாமல் இரண்டாவது செய்திக்குப் போக முடியாது.

கெண்டை மேய்கிற மீன், அலைந்துகொண்டே இருக்கும். விரால் அலையாது. கோரைக்கும் வேலம்பாசிக்கும் நடுவே, முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு கட்டை கிடப்பது மாதிரிக் கிடக்கும். மேல் பக்கம் கறுப்பு, விலாவில் சாய்வாகக் கோடுகள், வயிறு வெளுப்பு. பாசி நிழல் விழுந்தால் எங்கே மீன் முடிகிறது எங்கே நிழல் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முதுகிலும் அடிவயிற்றிலும் நீளத் துடுப்பு இருப்பதால் அதை மெல்ல அலையவிட்டு அந்தரத்தில் நிற்கும், பின்பக்கமாகவும் நகரும். நான் ஒரு விராலை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அது காற்று இழுக்க மேலே வந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. உறுமீனுக்காகக் கொக்கு காத்திருப்பதைச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம், அந்த உறுமீனும் இப்படித்தான் காத்திருந்து தின்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் ஒரு சின்னக் கெண்டையோ, இறாலோ, கரையிலிருந்து குதித்த தவளையோ வரும். விரால் உடனே பாயாது. தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பும். வால் பக்கம் லேசாக வளையும், வில்லை இழுத்த மாதிரி. அதற்கு மேல் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் கேட்க முடியும், "பொளக்" என்று ஒரு சத்தம், தண்ணீரில் ஒரு குழி, தவளை இருந்த இடத்தில் இரண்டு பாசித் துணுக்கு சுற்றிக்கொண்டிருக்கும். வாய் கண்ணுக்குப் பின்னால் வரை பிளக்கும். அப்படிப் பிளக்கும்போது தண்ணீரே இரையோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. தப்பித்துவிடலாம் என்று நினைத்தால் கீழ்த்தாடையில் நாய்ப்பல் மாதிரிக் கூரான பற்கள் இருக்கின்றன. ஊத்தா என்ற மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கையை உள்ளே விட்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் பல் தெரியும், என் வலது கைக் கட்டைவிரலுக்கும் தெரியும்.

கலங்கல் தண்ணீரிலும் ராத்திரியிலும் கூடப் பிடிக்கிறது, மற்ற மீன்களைப் போல் விலாவில் தண்ணீரின் அசைவை உணரும் வரி அதற்கும் இருக்கிறது. தன் இனம் என்ற தயவும் கிடையாது, சின்ன விராலைப் பெரிய விரால் தின்னும். விரால் வளர்க்கிற பண்ணைக்காரர்கள் குஞ்சுகளை அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்து விடுவது இதனால்தான். இல்லாவிட்டால் நூறு விட்ட இடத்தில் பத்து கொழுத்த மீன்தான் மிஞ்சும்.

இப்படிப்பட்ட மீன்தான், இனத்தையே தின்கிற மீன்தான், தன் குஞ்சுக்குக் காவல் நிற்கிறது. உங்கள் படத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆழமில்லாத பாசிக்கு நடுவே வட்டமாக ஒரு இடத்தைச் சுத்தம் செய்யும். முட்டை சில ஆயிரம் இருக்கும், கடுகு அளவு, மஞ்சளாக, எண்ணெய்ப் பசை இருப்பதால் மேலே மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். கொஞ்ச நாளில் குஞ்சுகள் செக்கச்சிவந்த நிறத்துக்கு வந்து, அத்தனையும் ஒரே பந்தாகச் சேர்ந்து நகரும். பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது, தண்ணீருக்குள் குங்குமத்தைக் கொட்டி அது கரையாமல் ஊர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்தக் குஞ்சுகளுக்கும் காற்று வேண்டும், அதனால் கூட்டமாக மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் சோறு கொதிப்பது போலத் தண்ணீர் குமிழிடும். அதற்குக் கீழே, நிழல் மாதிரி, பெரிய விரால் நிற்கும். ஏறக்குறைய ஒரு மாதம். குஞ்சு விரல் நீளத்துக்கு வந்து சிவப்பு மங்கிப் பிரிந்து போகிறவரை நிற்கும்.

அந்த ஒரு மாதத்தில் அதன் பக்கத்தில் எது வந்தாலும் பாயும். பசி இருக்கிறதா இல்லையா என்பது விஷயமே இல்லை. தவளை வந்தால் அடிக்கும், தண்ணீர்ப் பாம்பு வந்தால் அடிக்கும், மாடு குளிப்பாட்ட இறங்கியவன் காலை முட்டியதைக் கூடப் பார்த்திருக்கிறேன். மற்ற நாளில் அத்தனை பொறுமையாகக் காத்திருக்கிற மீன் இப்போது எதற்கும் காத்திருக்காது. தூண்டில்காரனுக்கு இது தெரியும். சிவப்புக் கூட்டம் எங்கே கொதிக்கிறது என்று கரையில் நின்று பார்த்து, அதன் நடுவே பிளாஸ்டிக் தவளையைப் போட்டு இரண்டு தடவை இழுத்தால் போதும், மூன்றாவது தடவைக்குள் மாட்டிவிடும். இதில் திறமை என்ன இருக்கிறது? அந்தத் தம்பியின் காலடியில், படத்தின் இடது மூலையில், தண்ணீர் ஓரத்தில் ஒரு சிவப்புத் திட்டு தெரிகிறது. அச்சில் மசி ஒழுகிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். மசி இல்லை.

அவரை நான் திட்டவில்லை, திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. எனக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கும். இதே மாதிரி ஒரு கார்த்திகையில், நிஜத் தவளையை முள்ளில் கோத்து, குஞ்சுக் கூட்டத்துக்குள் போட்டு ஒரு விராலைப் பிடித்தேன். தூண்டில் நரம்பு கையை அறுத்துவிட்டது, அவ்வளவு பலம். ஊருக்குள் நாலு தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வந்தேன், எல்லோரும் பார்க்க வேண்டுமே. அப்பத்தா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தது. மீனைப் பார்த்து முதலில் சிரித்தது, எங்கே பிடித்தாய் என்று கேட்டது, நானும் பெருமையாகச் சொன்னேன். "குஞ்சோட நிக்கிறத புடிச்சிட்டு வந்திருக்கியேடா, பாவி" என்று ஒரே வார்த்தை. சாம்பல் போட்டு உரசிக் குழம்பு வைத்துக் கொடுத்தது, வைக்காமல் இல்லை, ஆனால் அன்றைக்கு அது மோர் ஊற்றித்தான் சாப்பிட்டது.

மறுநாள் மடைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டம் அங்கேயேதான் கொதித்துக்கொண்டிருந்தது, இன்னொரு விரால் நிற்கிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை, அதையும் வேறு யாராவது பிடித்திருக்கலாம். கெண்டைகள் ஓரத்திலிருந்து கொத்திக்கொண்டிருந்தன. அதற்கு அடுத்த நாள் சின்ன நீர்க்காகம் நாலு அந்த இடத்தில் முங்கி முங்கி எழுந்தது. மூன்றாம் நாள் ஒரு உள்ளங்கை அளவு சிவப்பு. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் நாலைந்து நாள் போகவில்லை, போனபோது ஒன்றும் இல்லை.

நான் விரால் தின்ன வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இப்போதும் வாங்கித்தான் தின்கிறேன், போன மாதம் கிலோ 600 ரூபாய் கொடுத்தேன். மாசி பங்குனியில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா வைத்தால், பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தாவும் கச்சா வலையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூட்டத்தில் முட்டி வலியோடு நானும் இறங்குவேன். அப்போது விரால் குஞ்சோடு நிற்காது. அது வேறு, இது வேறு. கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்று வைத்திருக்கிறோமே, நம் கிழக்குக் கரையில் விசைப்படகு போகாதே, அதற்குக் காரணம் இனப்பெருக்கம்தானே? எங்கள் கண்மாயில் அப்படி ஒரு நாள் கூட நான் பார்த்ததில்லை. சட்டம் போடுங்கள் என்று கேட்கவும் எனக்கு ஆசையில்லை, போட்டால் யார் வந்து மடையில் காவல் நிற்கப்போகிறார்கள். ஆனால் இதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே போடாமல் பல வருடமாக ஊரே இருக்கிறது. உங்கள் நாளிதழும் வருடா வருடம் அதைப் படத்தோடு போடுகிறது. அந்தப் பிள்ளைகள் வெடியை விட முடியுமென்றால், சிவப்புக் கூட்டம் தெரிகிற இடத்தில் தூண்டில் போடாமல் பத்தடி தள்ளிப் போடுவது எங்கள் பிள்ளைகளால் முடியாதா? கூட்டம் இல்லாத இடத்திலும் விரால் இருக்கும். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது காத்திருப்பது போல.

இன்னொரு விஷயமும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். குத்தகை எடுத்து கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு விடுகிறவர்களுக்கு விரால் பிடிக்காது, விட்ட குஞ்சைத் தின்றுவிடும் என்று. அதிலும் நியாயம் இருக்கிறது, காசு போட்டவர்கள். வளர்ப்புக் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு விராலையும் குறவையையும் முதலில் ஒழித்துவிட்டுத்தான் குஞ்சு விடச் சொல்கிறார்கள், களைமீன் கணக்கில் சேர்த்து. சந்தையில் இருக்கிறதிலேயே விலை கூடின நாட்டு மீன், புத்தகத்தில் களை! வளர்ப்புக் குளத்தோடு அது நிற்கட்டும். ஊர்ப் பொதுக் கண்மாய் பண்ணை இல்லை. அதில் நாமாகக் கொண்டுவந்து விடாமல், தீவனம் போடாமல், கோடையில் சேற்றில் கிடந்து மழையில் எழுந்து, தானாக வந்து நிற்கிற மீன் இது.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். இனி ஐப்பசி கார்த்திகையில் யாராவது பெரிய விராலோடு படம் அனுப்பினால், எங்கே, எப்படிப் பிடித்தீர்கள், பக்கத்தில் குஞ்சு இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். குஞ்சு இருந்தது என்றால் போடாதீர்கள். படம் வருகிறது என்பதற்காகவே பிடிக்கிறவர்கள் இப்போது அதிகம், செல்போன் வந்தபிறகு. அப்புறம் மூன்று கிலோவை ராட்சதன் என்று எழுதாதீர்கள், ஒரு மீட்டர் வரை வளரக்கூடிய மீன் இது, அதற்குள் பிடித்துவிடுகிறோம்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிப் போடுவதாக இருந்தால் சைக்கிளில் விழுந்த கதையை வெட்டுங்கள், அப்பத்தாவை வெட்டாதீர்கள். என் பெயரையும் ஊரையும் தயவு செய்து வெளியிட வேண்டாம். காரணம் இருக்கிறது. நேற்று மழை கொஞ்சம் விட்டபோது குடையோடு கரைக்குப் போனேன், கண்மாயில் ஒரு இடம் கொதித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் நல்ல சிவப்பு, பொரித்து ஒரு வாரத்துக்கு மேல் இருக்காது. எந்த மடைக்கு எந்தப் பக்கம் என்று என் பேரனுக்கே சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
சிவகங்கை மாவட்டம்.